அரைச் சம்பளம்

ஸ்காபுரோவில் உள்ள ஓர் அச்சகத்தில் வாரத்தில் நான்கு நாட்கள் நான் கணக்கு எழுதி வருகிறேன். திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், அரங்கேற்ற மலர், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று எம்மவர் வீட்டு நன்மை தீமை யாவும் அந்தச் சிறிய கடையின் ஊடாகவே கடந்து செல்கின்றன. முதலாளி, அவரது மனைவி, இயந்திரத்தடியில் நிற்கும் முதியவர் ஒருவர், நான். இவ்வளவுதான் அந்த நிறுவனம். யாழ்ப்பாணத்திற் கலைப் பட்டம் பெற்று, தமிழும் வரலாறும் கற்பித்த எனக்குக் கணக்கு வந்த கதை வேறு. அதனை இங்கே விரிக்கப் போவதில்லை.

2023ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு தம்பி அங்கே வந்து பக்க வடிவமைப்புச் செய்து வந்தான். இருபத்துநான்கு வயது. ஊரில் அச்சகமொன்றிலேயே தொழில் பழகியவன். இங்கே வந்து ஓராண்டாகிறது. அகதிக் கோரிக்கை பதிந்தாயிற்று, வேலை அனுமதிப் பத்திரம் கையில் இருக்கிறது, விசாரணைத் திகதி மாத்திரம் வரவில்லை. வார நாட்களில் இரவு வேளை வெயார்ஹவுஸ் ஒன்றிற் பெட்டி அடுக்குவான். சனிக்கிழமை காலையில் நித்திரை முறியாத கண்களுடன் வந்து கணினிக்கு முன்னால் அமர்ந்தானென்றால், மாலை வரை எழும்ப மாட்டான். இறந்தவரின் படத்தைச் சுற்றி எவ்வளவு வெள்ளை விட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அது எல்லோருக்கும் தெரிகிற காரியமன்று.

சித்திரைக்குப் பிறகு அவனை முழுநேரமாக எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். கடைக்கு இணையத்தளம் ஒன்று வேண்டும், வாடிக்கையாளர் வீட்டிலிருந்தபடியே அழைப்பிதழைத் தெரிவு செய்து பணம் கட்ட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அதற்கு ஒரு பெரிய முட்டு இருந்தது. இருபது ஆண்டுக் கோப்புகள் அத்தனையும் பாமினி எழுத்துருவிற் கிடந்தன. பாமினி இல்லாத கணினியிலோ கைபேசியிலோ அவற்றைத் திறந்தால் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் தெரியும். இணையத்திற்கு யுனிகோட் வேண்டும். மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. ஆயினும் மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் தமிழறிந்த ஒருவர் இருந்து பார்க்க வேண்டும். இல்லாவிடின் மறைந்தவரின் பெயரிலேயே ஒரு கொம்பு இடம் மாறிப் போகும். அந்த வேலைக்கு இந்தத் தம்பியை விடப் பொருத்தமானவர் கிடையாது.

2024 மாசி மாதம் ஒரு சனிக்கிழமை முதலாளி ஒரு கட்டுத் தாளுடன் என் மேசைக்கு வந்தார்.

“ரீச்சர், உந்தப் போமை ஒருக்காப் பாருங்கோ. எங்கடை கணக்காளர் சொல்லுறார், படிக்கிற பிள்ளையளைக் கொம்பியூட்டர் வேலைக்கு எடுத்தால் அரைச் சம்பளம் கவுண்மேந்து தருமாம். அரைக்கு மேலையும் தருமாம்.”

நான் வாசித்தேன். கணக்காளர் சொன்னது பொய்யன்று.

வாசகர்களிற் பலருக்கு இது பயன்படும் என்பதால் சிறிது விளக்கிச் சொல்கிறேன். இளைஞரை வேலைக்கு எடுப்போருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கனடிய அரசுக்குப் புதிதன்று. 1997இல் இளைஞர் வேலைவாய்ப்பு உபாயம் என்ற பெயரில் அவற்றை ஒரு குடையின் கீழ் கொண்டு வந்தார்கள். 2018இல், படித்து முடித்தும் தகுந்த வேலையின்றி இருக்கும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்காக, இளைஞருக்கான டிஜிட்டல் திறன்கள் என்று ஒரு திட்டம் தொடங்கியது. சிறு கடைகளும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் அவர்களை இணையத்தளம், தரவு, கணினிப் பாதுகாப்பு போன்ற வேலைகளுக்கு அமர்த்தினால் ஊதிய மானியம் என்பது அதன் சாரம். முதலாளி கொண்டுவந்த போம் அதுவன்று. அது 2017இல் ஆரம்பமான மாணவர் பணிப் பயிற்சித் திட்டத்திற்கு உரியது. கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தமது படிப்போடு தொடர்புடைய வேலைக்கு எடுத்தால், சம்பளத்தில் 50 வீதம், கூடியது 5,000 டொலர், வேலை வழங்குநருக்குக் கிடைக்கும். விஞ்ஞான, தொழில்நுட்பத் துறையிற் படிக்கும் பெண்கள், சுதேச மக்கள், புதிதாக வந்து குடியேறியோர், மாற்றுத் திறனாளிகள், எங்களைப் போன்ற நிறத்தவர், முதலாண்டு மாணவர் ஆகியோரை எடுத்தால் 70 வீதம், கூடியது 7,000 டொலர். இந்தப் பணத்தை அரசு நேரே கையாள்வதில்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வோர் அமைப்பை வைத்துப் பங்கிடுகிறது. கணினித் துறைக்குத் தகவல் தொடர்புத் தொழில்நுட்ப மன்றம் போன்றவை உண்டு.

முதலாளி முதலிற் கேட்ட கேள்வி, “என்ரை பெடியனைப் போடேலாதோ?” என்பது. நான் சிரித்துவிட்டேன். குடும்பத்தாரை எடுத்து மானியம் வாங்க முடியாது என்று காட்டினேன். எங்கள் ஆட்களை நன்கு அறிந்தவர் எவரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

“அப்ப எங்கடை தம்பியைப் போடுவம்” என்றார்.

இந்த இடத்தில் நான் தாளைப் புரட்டினேன். தகுதி பெறும் மாணவர் யார் என்பதற்கு மூன்று பெட்டிகள் இருந்தன. கனடியக் குடியுரிமை பெற்றவர். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். அகதிப் பாதுகாப்பு வழங்கப்பட்டவர். வழங்கப்பட்டவர் என்பது இறந்தகாலப் பெயரெச்சத்திலிருந்து பிறந்த சொல். கேட்டுக்கொண்டு காத்திருப்பவர் அதற்குள் அடங்கார். வேலை அனுமதி இருந்தாலும் அடங்கார். இதற்கு மேலாக, அவன் மாணவனும் அல்லன்.

வெட்டும் இயந்திரத்தினருகில் அவன் நின்றுகொண்டிருந்தான். மூன்று பெட்டிகளையும் நான் உரத்தே வாசித்திருந்தேன். ஆசிரியத் தொழிலில் வந்த தொண்டை, மெல்லப் பேச அறியாது. “பரவாயில்லை ரீச்சர்” என்றான் அவன், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே.

ஒருவருக்குத்தான் கடையால் சம்பளம் கொடுக்க இயலும். முதலாளியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரது கணக்கை எழுதுபவள் நான். மணிக்கு 18 டொலர், வாரம் 35 மணித்தியாலம், 16 வாரம். மொத்தம் 10,080 டொலர். அதில் 7,000 திரும்பி வருமானால் கடைக்கு 3,080 தான் செலவு. முதலாளி பங்குக்குக் கட்ட வேண்டிய ஓய்வூதியக் கழிவும் வேலையிழப்புக் காப்புறுதியும் விடுமுறைக் கொடுப்பனவும் புறம்பு. அந்தத் தம்பிக்கோ, அப்போது ஒன்ராறியோவில் இருந்த 16.55 டொலர் என்னும் ஆகக் குறைந்த ஊதியத்தைக் கொடுத்தாலும் அதே காலத்திற்கு 9,268 டொலர் வேண்டும். மூன்று மடங்கு. எந்தக் கடைக்காரர் என்ன செய்வார்?

நான் அந்தப் போமை நிரப்பினேன். பொருந்தாது என்று சொல்லி மூடி வைத்திருக்கலாம். முதலாளிக்கு ஆங்கிலத்தில் நாற்பது கேள்விக்கு விடையெழுதப் பொறுமை கிடையாது. நான் மறுத்திருந்தால் அது அந்தளவில் நின்றிருக்கும், சித்திரையில் அந்தத் தம்பி வேலைக்கு வந்திருப்பான். இதை நான் அன்றைக்கே உணர்ந்தேன். எனினும் நிரப்பினேன். சட்டப்படி உள்ள உதவியை ஒருவர் கேட்கும்போது மறைப்பது எப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இலண்டனில் இருக்கும் என் தங்கையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அங்கேயும் இத்தகைய பேச்சு எழுந்ததாகச் சொன்னாள். கொரோனாக் காலத்தில், 2020 செப்ரெம்பரில், பதினாறு முதல் இருபத்துநான்கு வயது வரையான வேலையற்ற இளைஞருக்கென அங்கே ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்திற்கு, வாரம் 25 மணித்தியாலக் குறைந்தபட்ச ஊதியம் முழுவதையும் அரசே கட்டியது. மறு ஆண்டு அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் ஒரு கேள்வி கேட்டது. அரசு பணம் கொடுக்காவிட்டாலும் இந்த வேலைகள் இருந்திருக்குமா, இல்லையா? நல்ல கேள்விதான். ஆனால், எங்கள் அச்சகத்தில் நான் கண்டதைக் கேட்பதற்கு அது போதாது. அரசு பணம் கொடுக்காவிட்டாலும் அந்த வேலை இருந்திருக்கும். அதில் இருந்திருப்பவர் வேறொருவர்.

கல்லூரி வழியாகப் பங்குனியில் ஒரு பிள்ளை விண்ணப்பித்தாள். எம்மவர் பிள்ளை. கணினி நிரலாக்கத்தில் இரண்டாம் ஆண்டு. தாய் தகப்பனுடன் வந்து, 2022இல் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடப் பத்திரத்திற்குக் காத்திருப்பவள். அவளது சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்குவதைக் கண்டதும் கணக்காளர், “இது தற்காலிக இலக்கம், மானியம் கிடையாது” என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். பெற்றோர் இதனைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வழக்கு ஏற்கப்பட்டவருக்கும், நிரந்தர வதிவிட உரிமை வரும் வரை, அந்த 9 தான். குடிவரவு, அகதிகள் சபையின் தீர்ப்புக் கடிதத்தை அவள் கொண்டுவந்து காட்டினாள். மூன்றாவது பெட்டியில் நான் புள்ளடி போட்டேன். நேற்று வரை அவளும் அந்தத் தம்பியும் ஒரே வரிசையில் நின்றவர்கள். அவளது வழக்கு முந்தி எடுபட்டது. அவ்வளவே வித்தியாசம்.

வேலை தொடங்குவதற்கு முன்னர் அவளது தகப்பனார் கடைக்கு வந்தார். ஊரில் கிராம சேவையாளராக இருந்தவர். தற்போது வயோதிபர் இல்லமொன்றிற் சமையற்கூடத்தில் நிற்கிறார். நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தபடி கேட்டார்.

“ரீச்சர், நான் ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. பாதிச் சம்பளம் கவுண்மேந்து குடுக்கிறதெண்டால் அது வெல்பெயர்தானே? நாங்கள் வந்து நாலு மாதத்திலை அதை நிப்பாட்டின ஆக்கள்.”

இந்தக் கேள்வியை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். கேட்க வெட்கப்பட்டுப் பிள்ளையை விண்ணப்பிக்க வேண்டாமென்று தடுத்தவர்களையும் அறிவேன். நான் அவருக்குச் சொன்னேன். பிள்ளைக்கு வருவது முழுச் சம்பளம். மற்றெந்தத் தொழிலாளிக்கும் போல வரி கழியும், ஓய்வூதியம் கழியும், வேலையிழப்புக் காப்புறுதி கழியும். மானியம் பிள்ளையின் கைக்கு வருவதே இல்லை. அது முதலாளிக்கு, அதுவும் சம்பளம் முழுவதையும் அவர் கட்டி முடித்து, கட்டியதற்கான பதிவுகளைக் காட்டிய பின்னர். பிச்சை என்று எவரையேனும் சொல்வதானால் முதலாளியைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். முதலாளி அப்போது கடையில் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. “அப்ப, ஏன் குடுக்கினம்?” என்றார்.

அந்த ஏன் என்பதற்கு அன்று எனக்கு ஒழுங்கான விடை வரவில்லை. அனுபவமில்லாத பிள்ளையை எடுக்க முதலாளிமார் தயங்குவர், அந்தத் தயக்கத்திற்கு விலை என்று ஏதோ சொன்னேன். விடை சில வாரங்களின் பின்னரே வந்தது. அது வந்த விதமும் நல்லதன்று.

வைகாசி முதல் வாரம் பிள்ளை வந்தாள். விண்ணப்பத்தில் அவளது கடமைகளை நானே எழுதியிருந்தேன். இணையவழி விற்பனைத் தளம் அமைத்தல், பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றுதல், வாடிக்கையாளர் தரவுகளை ஒழுங்குபடுத்துதல். முதல் நாள் தொலைபேசி எடுத்தாள். இரண்டாம் நாள் அழைப்பிதழ் மடித்தாள். வைகாசி கலியாணக் காலம், கடையில் ஆள் போதாது. முதலாளியின் மனைவிக்குக் கால் வலி. பிள்ளை கவுண்டரில் நின்று, மஞ்சள் தாளா ரோசாத் தாளா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் போயிற்று. கணினியை அவள் திறந்தது, பற்றுச்சீட்டு அடிக்க மாத்திரம்.

அவள் ஒன்றும் முறையிடவில்லை. எங்கள் பிள்ளைகள் முறையிட மாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாத்திரம் ஒரு நாள், “ரீச்சர், முடிவிலை நான் கல்லூரிக்கு ஒரு அறிக்கை குடுக்க வேணும். என்னத்தை எழுதிறது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை வன்னிக்குக் கொண்டு போய்விட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. பட்டப் பரீட்சை எழுதி முடித்த கையோடு இடம்பெயர்ந்து, மறு ஆண்டு ஓலைக் கொட்டில் ஒன்றில் தொண்டர் ஆசிரியையானேன். அந்தச் சொல்லை எங்கள் வடபுலத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. சம்பளப் பதிவேட்டிற் பெயர் இராது. பெற்றார் சங்கம் மாத முடிவில் எதையாவது தரும். சில மாதம் காசாக, சில மாதம் நெல்லாக. நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் மூன்று ஆண்டு கழிந்தது. அந்த மூன்று ஆண்டையும் நான் வீண் என்று சொல்லத் துணியேன், ஏனெனில் ஒருவர் எனக்குக் கற்பித்தார். அந்தப் பாடசாலையின் அதிபர் ஒவ்வொரு வெள்ளியும் என் பாடக்குறிப்பை வாங்கிச் சிவப்பு மையினாற் திருத்துவார். மை முடிந்தபோது பென்சிலாற் திருத்தினார். அவருக்கும் சம்பளம் ஒழுங்காக வந்து கொண்டிருந்ததென்று நான் நினைக்கவில்லை. என்னுடன் அதே காலத்தில் வேறொரு கொட்டிலில் தொண்டராக இருந்த தோழிக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாற் போதும் என்றார்களாம். நியமனம் இருவருக்கும் ஒரே ஆண்டில் வந்தது. எனக்குப் படிப்பிக்கத் தெரிந்திருந்தது. அவள் முதல் தவணையிலேயே அழுதுகொண்டு கடிதம் எழுதினாள்.

அன்று பின்னேரம் முதலாளியிடம் போனேன். நான் அவரிடம் சம்பளம் வாங்குபவள், பயம் இல்லாமல் இல்லை.

“நீங்கள் வாங்கப் போற ஏழாயிரம், அவ வேலை செய்யிறதுக்குத் தாற காசில்லை. அவவுக்குப் பழக்குறதுக்கு உங்களுக்குத் தாற காசு. பழக்காட்டி அது எங்கடை காசில்லை.”

“எனக்கு என்ன தெரியும் ரீச்சர், நான் என்னத்தைப் பழக்க? எனக்கே இணையம் தெரியாது.”

உண்மையைத்தான் சொன்னார். சிறு கடையின் நிலைமை இது. அனுபவமற்ற பிள்ளைக்குப் பழக்க ஒருவர் வேண்டுமென்று போம் எதிர்பார்க்கிறது. மேற்பார்வையாளர் என்ற இடத்தில் முதலாளியின் பெயரை நான்தான் எழுதியிருந்தேன். எழுதும்போது அவருக்கு இது தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆயினும் மறுநாள் அவர் கவுண்டருக்குத் தமது மருமகளை வரச் சொன்னார். பிள்ளையைப் பின்னறைக் கணினியில் இருத்தினார். இணையத்தளத்தின் எலும்புக்கூட்டை அவள் இரண்டு கிழமையில் நிறுத்திவிட்டாள். கல்லூரிப் படிப்பு வீண் போகவில்லை. தடங்கியது பாமினியில். இங்கே கைபேசியில் ஆங்கில உச்சரிப்பில் தமிழைத் தட்டிப் பழகிய பிள்ளைக்கு அந்த விசைப்பலகை வேற்று மொழி. மாற்றிய கோப்புகளில் ஊர்ப் பெயர்கள் உடைந்து கிடந்தன. நான் பிழையைக் காட்டுவேன். ஏன் பிழைக்கிறது என்று என்னாற் சொல்ல முடியாது.

முதலாளி அந்தத் தம்பியைக் கூப்பிட்டார். மணிக்கு இவ்வளவு என்று பேசி, நான்கு சனிக்கிழமை. அவன் வருவானென்று நான் நினைக்கவில்லை. வந்தான். வெயார்ஹவுசிலிருந்து நேரே, பாதுகாப்புச் சப்பாத்துடன். இருவரும் ஒரு திரைக்கு முன்னால் இருந்தார்கள். எந்த விசையில் எந்த எழுத்து, எந்தக் கொம்பு முன்னால் விழும், எந்தக் கால் பின்னால் தொங்கும், மாற்றும் கருவி எந்த இடத்தில் ஏமாறும் என்று அவன் சொல்ல, அவள் அதற்கொரு சிறு நிரல் எழுதினாள். அது ஓடி முடிந்து நூறு கல்வெட்டுகள் யுனிகோட்டில் ஒழுங்காக வந்து விழுந்த போது அவன் கைதட்டிச் சிரித்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2002இல், நான் இங்கு வந்த மறு ஆண்டு, ஒரு சமூக நிலையத்தில் எனக்குக் கணினிச் சுட்டியைப் பிடிக்கக் கற்றுத் தந்தவனும் ஓர் இளைஞன்தான். அக்காலத்தில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் பொதுமக்களுக்குக் கணினி வைத்துக் கொடுக்கும் ஒரு கூட்டாட்சித் திட்டம் இருந்தது. 1995இல் தொடங்கி, 2012இல் நிதி நிறுத்தப்படும் வரை ஓடியது. அதிலே இளைஞரைப் பயிலுநராக அமர்த்திச் சம்பளம் கொடுத்தார்கள். என் விரலைப் பிடித்து அழுத்தாமல், தன் கையைத் தன் முழங்காலிலேயே வைத்துக்கொண்டு, வாயினாலேயே அவன் சொல்லித் தந்தான். முப்பது வயதுப் பெண், புதிய நாடு. எனக்குக் கூச்சம் என்பதை எப்படியோ அறிந்திருந்தான். அவனுக்கு ஒட்டாவா சம்பளம் கொடுக்கிறதென்று பின்னர்தான் அறிந்தேன். அந்தப் பணத்தில் என் பங்கு எவ்வளவு என்று கணக்கிட எனக்கு வழியில்லை.

பிள்ளையின் பதினாறு வாரம் ஆவணியில் முடிந்தது. கல்லூரிக்கு எட்டுப் பக்க அறிக்கை கொடுத்தாள். அதில் ஒரு பக்கம் பாமினி. மானியப் பணம் ஐப்பசியில் வந்தது. அதுவரை கடை கடனில் ஓடியது. முழுநேரமாக வைத்திருக்க முதலாளியால் இயலவில்லை. சனிக்கிழமைகளில் வரச் சொன்னார். இரண்டு மாதம் வந்தாள், பின்னர் டவுன்ரவுனில் ஒரு கம்பனியில் அடுத்த பயிற்சிக்குப் போனாள். அங்கே அவளைச் சேர்த்தது இந்தத் தளத்தைக் கண்டுதான் என்று தகப்பனார் சொன்னார். இப்போது அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து இருக்கிறார்.

பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, எங்கள் பிள்ளைக்கும் இந்த மானியம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். விண்ணப்பிப்பது பிள்ளையன்று, வேலை வழங்குநர். ஆனால், நேர்முகத்திற் போயிருக்கும் பிள்ளை, இப்படி ஒன்று உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சிறு கடைக்காரருக்கு இது தெரியாது. படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமென்று ஒன்ராறியோச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பதால், அந்த ஒரு வார்த்தை சும்மா வேலையைச் சம்பள வேலையாக்கவும் கூடும். பணம் ஆண்டுக்காண்டு ஒதுக்கப்படுவது, பிந்தினால் முடிந்துவிடும். அதோடு, யார் பழக்குவார் என்று கேளுங்கள். முதல் நாளே கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறோம். மூன்று வாரம் கவுண்டரில் நின்ற பிள்ளையைக் கண்ட எனக்கு அந்தப் பயம் சற்றுக் குறைந்திருக்கிறது.

2025ஆம் ஆண்டு ஆனி மாதம் அந்தத் தம்பி வந்தான். சனிக்கிழமையன்று, ஒரு வியாழக்கிழமை. வழக்கு ஏற்கப்பட்டுவிட்டது. தீர்ப்புக் கடிதத்தை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னோர் உறையிற் போட்டு வைத்திருந்தான். முதலாளியின் மனைவி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். இயந்திரத்தடி முதியவர் வந்து கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ரீச்சர், அந்த மூண்டாவது பெட்டியிலை இப்ப எனக்கும் புள்ளடி போடலாமோ?”

அவன் மறக்கவில்லை. நான் அன்று உரத்து வாசித்ததை ஒவ்வொரு சொல்லாக வைத்திருந்திருக்கிறான்.

பெட்டி சரி. ஆனால், அவன் மாணவன் அல்லனே. அந்தப் போம் அவனுக்கு இப்போதும் பொருந்தாது. கனடா கோடைகால வேலைத் திட்டத்தைத் தேடி எடுத்தேன். அதற்கு 2019இலிருந்து மாணவராக இருக்க வேண்டுமென்றில்லை. பதினைந்து முதல் முப்பது வயது. அதே மூன்று பெட்டி. ஐம்பது பேர் அல்லது அதற்குக் குறைந்தோர் வேலை செய்யும் கடைக்கு, குறைந்தபட்ச ஊதியத்திற் பாதி வரை கிடைக்கும். ஆனால், வேலை வழங்குநர் விண்ணப்பிப்பது முந்திய ஆண்டின் கார்த்திகை, மார்கழி மாதங்களில். அந்த ஆண்டிற்குரியது மூடி ஆறு மாதமாகிவிட்டது.

முதலாளி கண்ணாடிக்கு மேலாற் பார்த்தார். “அதிலை எவ்வளவு தருவினம்?”

சொன்னேன்.

“அரைதானோ” என்றார். பின்னர் அந்தத் தம்பியைப் பார்த்து, “பாப்பம்” என்றார்.

அவனுக்கு அப்போது வயது இருபத்தாறு. சுவரில் எங்கள் கடை அச்சடித்த தமிழ் நாட்காட்டி தொங்கியது. அதில் நவம்பர் மாதத் தாளைப் புரட்டி, முதல் திங்கட்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கோடைகால வேலைப் போம் என்று எழுதி, பக்கத்தில் அவனது பெயரையும் எழுதி வைத்தேன்.